செவிலியரின் துக்கம் யார் கணக்கில்?

மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் 2015 மே 18 அன்று அருணா ஷான்பாக் இறந்தபோது, இறுதிச் சடங்கை யார் செய்வது என்ற பேச்சு எழுந்தது. ரத்த உறவினர்கள் வந்திருந்தார்கள். ஆனால், இத்தனை ஆண்டுகள் பார்த்துக்கொண்டவர்கள் நாங்கள்தானே என்று செவிலியர்கள் உரிமையோடு கேட்டார்கள். கடைசியில் உறவினரும் மருத்துவமனையின் டீனும் சேர்ந்து சடங்கைச் செய்ய, செவிலியர்கள் கண்ணீரோடு வழியனுப்பினார்கள்.

அருணாவும் அதே மருத்துவமனையில் செவிலியராக இருந்தவர்தான். 1973 நவம்பர் 27 அன்று அங்கு வேலைபார்த்த ஊழியர் ஒருவரின் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். நாய்ச் சங்கிலியால் கழுத்து இறுக்கப்பட்டதில் மூளை பாதிக்கப்பட்டது. பிறகு ஏறத்தாழ 42 ஆண்டுகள் படுத்த படுக்கையாகவே கிடந்தார். அவருடன் வேலைபார்த்தவர்கள் ஓய்வு பெற்றுப் போனார்கள். அவர் நடமாடியதையே பார்த்திராத இளம் செவிலியர்கள் வந்தார்கள். ஊட்டுவதும் குளிப்பாட்டுவதும் புரட்டிப் படுக்க வைப்பதும் ஒரு நாளும் நிற்கவில்லை. அவரை வேறு இடத்துக்கு மாற்ற மாநகராட்சி முயன்றபோது செவிலியர்கள் போராடித் தடுத்தார்கள். 2011 மார்ச் 7 அன்று அளித்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், அருணாவுக்காக முடிவெடுக்கும் நெருங்கிய உறவாகக் கருதத்தக்கவர்கள் கே.இ.எம். ஊழியர்களே என்று சொன்னது.

இந்திய மருத்துவமனைகளின் வரலாற்றில், நோயாளியை இழந்த செவிலியரின் துக்கத்தை உறவின் துக்கமாக நாடே ஏற்றுக்கொண்ட தருணம் என்று சொல்ல அனேகமாக இது ஒன்றுதான் இருக்கிறது. அதற்கு 42 ஆண்டுகள் தேவைப்பட்டன. தீவிர சிகிச்சைப் பிரிவிலும் புற்றுநோய் வார்டிலும் பச்சிளங்குழந்தைகள் பிரிவிலும் வேலைபார்க்கும் செவிலியர்கள் வாரத்துக்கு வாரம் மரணத்தைப் பார்க்கிறார்கள். அந்த மரணங்களுக்கு ஐந்து நிமிட இடைவெளிகூட அவர்களுக்குத் தரப்படுவதில்லை. அது அவரவர் மனத்திடத்தைப் பொறுத்த விஷயம் என்று நிர்வாகமும் சமூகமும் ஒதுக்கிவிடுகின்றன. உண்மையில் அது வேலையின் பகுதி. வேலைப் பளுவாகவே கணக்கிடப்பட வேண்டியது.

படுக்கை காலியாகும் அந்த ஒரு மணி நேரம்

மருத்துவமனையில் ஒரு உயிர் பிரிந்த பிறகு என்ன நடக்கிறது என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. நெஞ்சை அழுத்தும் முயற்சி நிறுத்தப்படுகிறது. மானிட்டரில் கோடு நேராக ஓடுகிறது. டாக்டர் நேரத்தைச் சொல்லி மரணத்தை உறுதிசெய்கிறார். உறவினரிடம் சொல்ல வெளியே போகிறார். அதற்குப் பிறகு உடல் செவிலியரின் பொறுப்பு.

தொண்டையில் இருக்கும் குழாய், மூக்கில் இருக்கும் ரைல்ஸ் டியூப், சிறுநீர்க் குழாய், கையில் குத்தியிருக்கும் ஊசி என ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். போலீஸ் கேஸ் என்றால் எதையும் தொடக் கூடாது, பிரேதப் பரிசோதனை வரை அப்படியே இருக்க வேண்டும். உடலைத் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். கண்களை மூடி, தாடையைக் கட்டி, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டி, பஞ்சு வைத்து, பெயரும் ஐ.பி. (உள்நோயாளி) எண்ணும் எழுதிய சீட்டைக் கட்ட வேண்டும். தாலி, தோடு, மோதிரம் இருந்தால் சாட்சி வைத்து எண்ணி, உறவினரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். கேஸ் ஷீட்டில் கடைசி மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தது, நாடித்துடிப்பு எப்போது நின்றது என்று நிமிடக் கணக்கில் எழுத வேண்டும். நாளை வழக்கு வந்தால் அந்த எழுத்துதான் பேசும்.

உடல் மார்ச்சுவரிக்கோ ஆம்புலன்ஸுக்கோ போனதும் மெத்தையைக் கிருமிநாசினி போட்டுத் துடைத்து, புதிய விரிப்பு விரிக்க வேண்டும். பெரும்பாலும் விரிப்பை விரித்து முடிப்பதற்குள்ளேயே கேஷுவாலிட்டியிலிருந்து அடுத்த நோயாளிக்குப் படுக்கை கேட்டுவிடுவார்கள்.

இவ்வளவும் நடக்கும்போது வார்டு நின்றுவிடுவதில்லை. ஆறு மணி ஊசிகள் இருக்கின்றன. இன்சுலின் இருக்கிறது. பக்கத்துப் படுக்கைக்காரர் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறார், “அவருக்கு என்ன ஆச்சு சிஸ்டர்?” என்று கேட்கிறார். அவருக்குப் பயம் வராதபடி ஒரு பதிலைச் சொல்லிவிட்டு, முகத்தைச் சரிசெய்துகொண்டு, அடுத்த படுக்கைக்குப் போக வேண்டும். நள்ளிரவில் வார்டின் சென்சஸ் பதிவேட்டில் அன்றைய சேர்க்கை, டிஸ்சார்ஜ், இறப்பு என்று எண்ணிக்கை ஏறுகிறது. இறந்தவரைக் குளிப்பாட்டிய கை யாருடையது என்பதற்கு அந்தப் பதிவேட்டில் இடம் இல்லை.

இரவு டியூட்டி பல மருத்துவமனைகளில் 12 மணி நேரம். காலையில் அடுத்த ஷிப்ட்டிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் பிள்ளைகளின் டிபன் பாக்ஸ் காத்திருக்கிறது. உலகம் முழுவதும் செவிலியர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். இரவில் இரண்டு பேர் இறந்துபோனார்கள் என்று சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் யாரிடம் சொல்வது? சொன்னாலும், “இதெல்லாம் உனக்குப் புதுசா?” என்பதுதான் வழக்கமான பதில்.

பழகிவிடுமா?

செவிலியர் கல்லூரி மாணவி முதன்முதலில் ஒரு மரணத்தைப் பார்த்துக் கலங்கி நிற்கும்போது, சீனியர்கள் சொல்லும் ஆறுதல் பெரும்பாலும் ஒற்றைச் சொல்தான்: “பழகிடும்.” சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். அவர்களுக்கும் அப்படித்தான் சொல்லப்பட்டது.

பழகுவது உண்மைதான். கை பழகுகிறது, எந்தக் குழாயை முதலில் எடுப்பது என்பதில் தடுமாற்றம் போய்விடுகிறது. மனம் பழகுகிறதா என்பதை 1950களின் இறுதியிலேயே லண்டனில் ஒருவர் ஆராய்ந்தார். டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த உளப்பகுப்பாய்வாளர் இசபெல் மென்சீஸ், ஒரு பெரிய போதனா மருத்துவமனையின் செவிலியர் பணியை உள்ளிருந்து கவனித்தார். பயிற்சி மாணவிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் படிப்பை முடிக்காமலே வெளியேறிக்கொண்டிருந்தார்கள். ஏன் என்பதுதான் கேள்வி.

அவர் கண்டது இது. நோயும் மரணமும் கிளப்பும் கலக்கத்தைச் செவிலியர்கள் உணராமல் இருப்பதற்கென்றே மருத்துவமனை தன் வேலைமுறையை வகுத்துவைத்திருந்தது. ஒரு நோயாளியை ஒரு செவிலியர் முழுமையாகப் பார்க்காதபடி வேலைகள் துண்டுபோடப்பட்டிருந்தன. ஒருவர் எல்லோருக்கும் வெப்பநிலை பார்ப்பார், இன்னொருவர் எல்லோருக்கும் மருந்து கொடுப்பார். நோயாளியைப் பெயர் சொல்லாமல், “பத்தாம் படுக்கைக் கல்லீரல்” என்று உறுப்பையும் எண்ணையும் சொல்லிக் குறிப்பிட்டார்கள். மாணவிகளை ஒரு வார்டில் ஒட்டவிடாமல் அடிக்கடி மாற்றினார்கள். கலக்கம் குறைந்ததா என்றால், இல்லை. தாங்கள் வந்ததே மனிதரைப் பராமரிக்கத்தான் என்று நம்பிய மாணவிகள், அந்த நிறைவும் கிடைக்காமல், உள்ளே இருக்கும் பயத்தைப் பேசவும் வழியில்லாமல் வெளியேறினார்கள். அதிலும் நல்ல முதிர்ச்சியுள்ள மாணவிகளே அதிகம் விலகினார்கள் என்று மென்சீஸ் எழுதினார்.

அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. நம் ஊர் வார்டில் இன்றும் நோயாளி பல நேரங்களில் படுக்கை எண்தான். இதில் செவிலியரைக் குறை சொல்லிப் பயனில்லை. நாற்பது நோயாளிகளுக்கு நடுவே இரண்டு பேர் நிற்கும்போது, எண் சொன்னால்தான் வேலை ஓடும். ஆனால், விலகி நின்றால் வலிக்காது என்ற கணக்கு தப்பு என்பதை அந்த ஆய்வு அன்றே காட்டிவிட்டது.

அமெரிக்கச் சமூகவியலாளர் கென்னத் டோகா 1989-இல் இன்னொரு பக்கத்தைச் சுட்டிக்காட்டினார். துக்கப்பட ஒருவருக்கு உரிமை உண்டு என்று சமூகம் ஏற்காதபோது, அந்தத் துக்கம் ஆறாமல் தங்கிவிடுகிறது என்றார். தமிழ்நாட்டில் ஒரு சாவு விழுந்தால் பங்காளி, சம்பந்தி, தெருக்காரர் என ஒவ்வொருவருக்கும் ஒரு முறை இருக்கிறது. யார் மாலை போடுவது, யார் கோடி எடுப்பது, யாருக்கு எத்தனை நாள் தீட்டு என்பது வரை வகுத்துவைத்த ஊர் இது. ஆறு மாதம் கீமோதெரபிக்கு வந்துபோன சிறுவனுக்கு நரம்பு தேடி ஊசி போட்டு, அவனோடு கதை பேசி, அவனுடைய கடைசி இரவில் பக்கத்தில் நின்ற செவிலியருக்கு இந்த முறைகளில் எதிலும் இடம் இல்லை. உறவினர் உடலோடு ஊருக்குப் போய்விடுகிறார்கள். அவர் வார்டிலேயே நிற்கிறார்.

அளக்கப்படும் ஆபத்து, அளக்கப்படாத ஆபத்து

அதே மருத்துவமனையின் எக்ஸ்ரே அறைக்குப் போய்ப் பார்த்தால் டெக்னீஷியனின் சட்டையில் சின்ன பேட்ஜ் ஒன்று குத்தியிருக்கும். அவர் உடலில் படும் கதிர்வீச்சை அது பதிவுசெய்கிறது. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அதை ஆய்வகத்துக்கு அனுப்பி அளக்கிறார்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இதற்கு வரம்பு வைத்திருக்கிறது: தொடர்ந்து ஐந்து ஆண்டுகளின் சராசரி ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் விசாரணை நடக்கும். அந்த டெக்னீஷியனிடம் “உன் உடம்பு தாங்கும், பழகிடும்” என்று யாரும் சொல்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்று, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து ஆளைப் பாதிக்கும் என்பதை மருத்துவமனை அங்கே ஒப்புக்கொள்கிறது.

இரண்டு தளம் மேலே உள்ள தீவிர சிகிச்சைப் பிரிவில் அதே ஒப்புதல் இல்லை. ஒரு செவிலியர் ஒரு மாதத்தில் எத்தனை மரணங்களுக்குப் பக்கத்தில் நின்றார், ஒரே இரவில் எத்தனை, அதில் குழந்தைகள் எத்தனை என்று கேட்டால் நிர்வாகத்திடம் பதில் இருக்காது.

பாதிப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது. பணிச் சோர்வை, வேலையிடத்தில் சரியாகக் கையாளப்படாத அழுத்தத்தின் விளைவு என்று உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டில் 2019-இல் வரையறுத்தது. தனிமனிதரின் பலவீனம் என்ற வாதத்துக்கு அந்த வரையறையில் இடம் இல்லை. இங்கிலாந்தின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2011 முதல் 2015 வரையிலான தற்கொலைகளைத் தொழில்வாரியாக ஆராய்ந்தபோது, சுகாதாரத் துறைப் பெண்களிடையே ஆபத்து, பெண்களின் தேசியச் சராசரியைவிட 24% அதிகமாக இருந்தது. அதற்குப் பெரும் காரணம் செவிலியர்களிடையே இருந்த உயர் விகிதம். இதற்கு மரணத்தைப் பார்ப்பது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், ‘மனத்திடம் மிக்கவர்கள், சமாளித்துக்கொள்வார்கள்’ என்ற நம்பிக்கை எவ்வளவு ஆபத்தானது என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

சாவைவிடக் கனமானது

அனுபவமுள்ள செவிலியர்களிடம் பேசினால், மரணம் மட்டுமே தங்களை உடைப்பதில்லை என்பார்கள். நன்றாகப் பார்த்துக்கொள்ளப்பட்டு, வலியில்லாமல், வீட்டார் பக்கத்தில் இருக்க முதியவர் ஒருவர் கண்மூடுவது வருத்தம்தான். ஆனாலும் அதில் ஒரு நிறைவு உண்டு. உடைப்பது, தடுத்திருக்கக்கூடிய மரணமும் தணித்திருக்கக்கூடிய வலியும்தான். எது சரி என்று தெரிந்தும் செய்ய முடியாதபடி கை கட்டப்பட்டிருக்கும் நிலையை, செவிலியர் பணியின் தனித்த நெருக்கடியாக அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஆண்ட்ரூ ஜேம்டன் 1984-லேயே எழுதினார்.

நம் ஊரில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. பிழைக்க வாய்ப்பில்லை என்று தெரிந்த நோயாளி வாரக்கணக்கில் வென்டிலேட்டரில் இருப்பார். வெளியே மகன் நகையை அடகு வைக்க ஓடிக்கொண்டிருப்பார். உள்ளே செவிலியர் மணிக்கணக்கில் சளியை உறிஞ்சி எடுத்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு முறையும் அந்த உடல் துடிப்பதைப் பார்ப்பார். சிகிச்சையை நிறுத்தலாமா என்ற பேச்சில் அவருக்கு இடம் இருக்காது. கண்ணியமான மரணத்துக்கான உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று அங்கீகரித்தது. 2023 ஜனவரியில் அதன் நடைமுறையையும் எளிமையாக்கியது. பல மருத்துவமனைகளில் அந்தப் பேச்சே இன்னும் தொடங்கவில்லை.

வலியும் அப்படித்தான். புற்றுநோய் முற்றியவருக்கு மார்ஃபின் கிடைக்கத் தடையாக இருந்த போதைப்பொருள் சட்டம் 2014-இல் திருத்தப்பட்டது. ஆனாலும் மார்ஃபின் இருப்பே இல்லாத மருத்துவமனைகள் ஏராளம். அங்கே இரவெல்லாம் முனகலைக் கேட்டுக்கொண்டு இருப்பவர் செவிலியர்தான்.

இத்தனைக்கும் மேல் கோபத்தின் முதல் அடியும் அவர் மீதுதான் விழுகிறது. மரணச் செய்தி கேட்டுக் கொதித்து வரும் கூட்டத்தின் கண்ணில் முதலில் படுபவர் நர்சிங் ஸ்டேஷனில் இருப்பவர். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதைத் தடுக்க 2008-லேயே தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றியது. நள்ளிரவில் வார்டில் தனியாக நிற்பவருக்கு அந்தச் சட்டம் எவ்வளவு தெம்பு தருகிறது என்பது வேறு கேள்வி.

தேவதைகளும் ஒப்பந்தமும்

செவிலியர்களைப் பாராட்டுவதில் நாம் ஒருபோதும் குறை வைத்ததில்லை. 2018-இல் கேரளத்தில் நிபா பரவியபோது, பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் நோயாளிகளைக் கவனித்த லினி புதுசேரி தானும் தொற்றுக்கு ஆளாகி மே 21 அன்று இறந்தார். சிறு பிள்ளைகள் இருவர். தனிமைப் பிரிவிலிருந்து அவர் கணவருக்கு எழுதிய சிறு கடிதம் நாட்டையே கலங்கடித்தது. கேரள அரசு கணவருக்கு வேலையும் குழந்தைகளுக்கு நிதியும் கொடுத்தது. அவர் பெயரில் விருதும் அறிவித்தது. எல்லாம் சரி. ஆனால், உயிரோடு இருந்தவரை லினி நிரந்தரப் பணியில் இல்லாதவர்.

பிறகு கொரோனா வந்தது. கவச உடைக்குள் வியர்த்து, கண்ணாடியில் ஆவி படிய, மணிக்கணக்கில் தண்ணீர் குடிக்காமல் நின்றார்கள். உறவினருக்கு அனுமதி இல்லாததால் கடைசிப் பார்வையைச் செல்போன் வீடியோவில் காட்டியவர்களும் அவர்களே. மூச்சு அடங்கும்போது கையைப் பிடித்துக்கொண்டவர்களும், பிறகு உடலைப் பையில் வைத்து மூடியவர்களில் பலரும் அவர்களே. 2020 ஜனவரி முதல் 2021 மே வரை உலகெங்கும் 80,000 முதல் 1,80,000 வரையிலான சுகாதாரப் பணியாளர்கள் கொரோனாவால் இறந்திருக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. இங்கே மக்கள் மாடியில் நின்று கைதட்டினார்கள். ஹெலிகாப்டரிலிருந்து பூ தூவப்பட்டது.

அந்த நெருக்கடியில் தமிழ்நாட்டில் ஒப்பந்த முறையில் எடுக்கப்பட்ட செவிலியர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பணி 2022 டிசம்பர் 31-உடன் முடித்துவைக்கப்பட்டது. அவர்கள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகுதான் மாற்று வேலை பற்றிய பேச்சு வந்தது. அதற்கு முன், 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் தேர்வாகி, மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் இருந்த செவிலியர்கள் 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டதும் பலருக்கு நினைவிருக்கும்.

மன உளைச்சலைப் பற்றிய கட்டுரையில் சம்பளம் எதற்கு என்று கேட்கலாம். அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று தெரியாத ஒருவர், “நேற்று இரவு அந்தக் குழந்தை இறந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை, இரண்டு நாள் விடுப்பு வேண்டும்” என்று கேட்கத் துணிவாரா? பாதுகாப்பான வேலை இல்லாத இடத்தில் ஆலோசனை மையம் திறந்தாலும் யாரும் உள்ளே போக மாட்டார்கள்.

ஆள் கணக்கே முதல் மருந்து

பொதுவாக ஓர் ஆட்சேபம் சொல்லப்படும். ஆள் பற்றாக்குறை உள்ள நாட்டில், இருக்கிறவர்களும் துக்கம் அனுசரிக்கப் போய்விட்டால் நோயாளியை யார் பார்ப்பது? நியாயமான கேள்வி. 2023 நிலவரப்படி உலகில் 2.98 கோடி செவிலியர்கள் இருக்கிறார்கள், இன்னும் 58 லட்சம் பேர் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கை. போதனா மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், பொது மருத்துவமனையில் ஐந்துக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் வழிகாட்டு நெறி. வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஒருவருக்கு ஒருவர். அரசு மருத்துவமனை வார்டில் ஒரு இரவு தங்கியவர் யாரும் இந்த விகிதத்தைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்.

இந்தக் கேள்விக்குப் பதில் 2002-லேயே வந்துவிட்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்தில் 168 மருத்துவமனைகள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்கள், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சை நோயாளிகளின் தரவுகளை லிண்டா ஐக்கனும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தார்கள். ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, அந்த நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் சாத்தியம் 7% கூடியது. செவிலியர் பணிச் சோர்வுக்கு ஆளாகும் சாத்தியம் 23% கூடியது. ஆள் குறைந்தால் சாவு கூடுகிறது, சாவு கூடினால் இருக்கிறவர்கள் இன்னும் சோர்கிறார்கள், சோர்ந்தவர்கள் வேலையை விட்டோ நாட்டை விட்டோ போகிறார்கள், ஆள் இன்னும் குறைகிறது. செவிலியரின் மனநலத்தைச் செலவாகப் பார்க்கும் நிர்வாகம், அந்தச் செலவை நோயாளியின் உயிரில் கட்டுகிறது.

செய்யக்கூடியவை

பெரிய செலவில்லாத வழிகள் சில உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் அவசரப் பிரிவுச் செவிலியராக இருந்த ஜோனதன் பார்டெல்ஸ் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார். உயிரைக் காப்பாற்றும் முயற்சி தோற்றதும், எல்லோரும் கலைந்து ஓடுவதற்கு முன் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக அமைதியாக நிற்பது. இறந்தவர் யாருக்கோ அன்பானவர், இங்கிருந்தவர்கள் முயன்றார்கள் என்பதை நினைத்துக்கொள்வது. அவ்வளவுதான். பிரார்த்தனை கிடையாது, எந்த மதத்தின் சாயலும் கிடையாது. இந்த வழக்கம் பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. நம் ஊர் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இதை நாளையே தொடங்கலாம்.

பாஸ்டனைச் சேர்ந்த வழக்கறிஞர் கென்னத் ஷ்வார்ட்ஸ் 1995-இல் நுரையீரல் புற்றுநோயால் இறக்குமுன், தன்னைத் தாங்கியது மருந்தைவிடத் தன்னைக் கவனித்தவர்களின் பரிவுதான் என்று எழுதினார். அவர் பெயரில் உருவான மையம், மருத்துவமனை ஊழியர்கள் மாதம் ஒருமுறை கூடிப் பேசும் அமர்வுகளைத் தொடங்கியது. சிகிச்சையில் என்ன தவறு நடந்தது என்ற விசாரணை அங்கே கிடையாது. அந்த நோயாளியைக் கவனித்தது உனக்கு எப்படி இருந்தது என்பது மட்டும்தான் பேச்சு. டாக்டர், செவிலியர், வார்டு ஊழியர் எல்லோரும் ஒரே வரிசையில் உட்காருகிறார்கள். பிரிட்டனில் பல அரசு மருத்துவமனைகளில் இது நடைமுறையில் இருக்கிறது. சென்னையிலோ வேலூரிலோ படித்துவிட்டு அங்கு வேலைக்குப் போன செவிலியருக்கு, சொந்த ஊரில் கிடைக்காத இந்த வசதி அந்நிய ஊரில் கிடைக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் தேவை. சாவு நடந்த உடனே எல்லோரையும் கட்டாயமாக உட்கார வைத்து, நடந்ததை விவரி என்று ஒரே அமர்வில் கிளறுவது பலன் தருவதில்லை, சிலருக்குப் பாதிப்பைக் கூட்டவும் கூடும் என்று இது பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அறிக்கை சொல்கிறது. எனவே, அதிகாரி தலைமையில் நடக்கும் ஒரு நாள் ‘மன அழுத்த மேலாண்மைப் பயிலரங்கு’, குரூப் போட்டோ, சான்றிதழ் என்று முடித்துவிடுவது போதாது. விரும்பியவர் வரலாம், விரும்பாதவர் வராமல் இருக்கலாம். பேசியது மேலதிகாரி காதுக்குப் போகாது. டியூட்டி நேரத்துக்குள்ளேயே நடக்கும். இந்த மூன்றும் இல்லாவிட்டால் எந்தத் திட்டமும் உயிர் பிடிக்காது.

மாணவிகளின் முதல் மரணம் தனிக் கவனம் கோருகிறது. இறந்தவர் உடலை எப்படிச் சுத்தம் செய்வது என்று செய்முறை வகுப்பு இருக்கிறது. அன்று ஹாஸ்டல் அறைக்குத் திரும்பும் பெண்ணிடம் ஆசிரியர் ஒருவர் உட்கார்ந்து பேச வேண்டும் என்பதும் அந்த வகுப்பின் பகுதியாக வேண்டும். தூக்கமின்மையோ தற்கொலை எண்ணமோ வரும்போது, 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை அழைத்தால் தமிழிலேயே பேசலாம். நோயாளிகளுக்கு இந்த எண்ணைச் சொல்லும் செவிலியர்கள் தங்களுக்கும் அது உண்டு என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

கடைசியாக, அரசுக்கு ஒரு நடைமுறை யோசனை. எந்த வார்டில் எந்த நாளில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பது சென்சஸ் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அன்று யார் டியூட்டியில் இருந்தார்கள் என்பது டியூட்டி ரோஸ்டரில் இருக்கிறது. இரண்டும் ஒரே மேசையில் கிடக்கின்றன. மாதக் கடைசியில் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஒவ்வொரு செவிலியரும் எத்தனை மரணங்களை எதிர்கொண்டார் என்பது தெரிந்துவிடும். எண்ணிக்கை மிகுந்தவரை அடுத்த மாதம் சுமை குறைந்த வார்டுக்கு, அவர் சம்மதத்தோடு மாற்றலாம். ஒரே ஷிப்ட்டில் இரண்டு மூன்று மரணங்களைப் பார்த்தவருக்கு மறுநாள் ஓய்வு கொடுக்கலாம். ஒப்பந்தச் செவிலியருக்கும் தனியார் மருத்துவமனைச் செவிலியருக்கும் இது பொருந்த வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. மக்கள் நல்வாழ்வுத் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் அடுத்த மாதமே அரசு மருத்துவமனைகளில் தொடங்கிவிடலாம். அதை அனுப்ப வேண்டும்.